எட்டு மைல் சாலைக்கு வடக்கே பதினோராம் வரிசை

மார்ச் கடைசியில் மிச்சிகனின் மண் சாலைகளில் காரை ஓரம் கட்டக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மேலே பனி உருகியிருக்கும், ஒரு முழம் கீழே நிலம் இன்னும் கல்லாக உறைந்து கிடக்கும். தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேல்மண் முழுக்கக் களிச்சேறாகிவிடும். ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் போன நான், எதிரே வந்த லாரிக்கு வழிவிட ஒதுங்கினேன். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் வாய்க்கால் சரிவில் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டன.

டிராக்டரில் வந்து இழுத்துவிட்டவர் எழுபதைத் தாண்டிய விவசாயி. காரை மேலே ஏற்றிய பிறகும் அவர் உடனே கிளம்பவில்லை. "இந்த வாய்க்கால் இல்லாட்டி இங்க ஊரே இல்லைம்மா" என்றார். கொட்டகைக்குள் போய் ஒரு சுட்ட மண் குழாயை எடுத்து வந்து கையில் கொடுத்தார். ஒரு அடி நீளம், நம் ஊர் ஓட்டின் நிறம், இரண்டு பக்கமும் திறப்பு. இப்படி ஆயிரக்கணக்கான குழாய்களை வயலுக்கு அடியில் ஒன்றோடொன்று முட்ட வரிசையாக வைத்திருக்கிறார்கள். இடையில் பூச்சு எதுவும் கிடையாது. இரண்டு குழாய்கள் சேரும் இடுக்கு வழியாக மண்ணின் ஈரம் உள்ளே கசிந்து வாய்க்காலுக்குப் போய்விடும். பனியாறுகள் உருகி நின்ற ஒரு பழைய பேரேரியின் தரைதான் இந்தச் சமவெளி. இன்றைக்குச் சர்க்கரை பீட்டும் பீன்ஸும் விளைகிற இடமெல்லாம் ஒரு காலத்தில் காடும் சதுப்பும். அந்தக் குழாயின் ஒரு பக்கத்தில் மூன்று விரல்களின் தடம் இருந்தது. ஈரக் களிமண்ணாக இருந்தபோது யாரோ பிடித்துத் தூக்கிய தடம். என் விரல்களை அதில் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தவில்லை. தூக்கியவருக்குப் பெரிய கை.

"யாரோட கல்லறையைத் தேடுறீங்க?" என்று கேட்டார்.

"குறிப்பா யாரோடதும் இல்லைங்க. இந்த ஊர் எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சுக்கணும்."

"அப்போ கல்லறையில ஆரம்பிக்காதீங்க. முதல்ல நிலத்தைப் பாருங்க, அப்புறம் சர்ச் பதிவேடு, கடைசியா கல்லறை."

கடந்த நான்கு வருடமாக நான் செய்துவருவது அவர் சொன்ன அந்த வரிசையைத்தான். கணவருக்கு வேலை மாறி சாகினா பக்கம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் இந்த ஊர்களைக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தேன். நான் பார்த்துக் கற்றது பிராங்கன்மூத் டவுன்ஷிப்பையும் அதைச் சுற்றியிருக்கும் சில குடியிருப்புகளையும். ஓஹையோவிலோ இல்லினாயிலோ அயோவாவிலோ இருப்பவர்களுக்கும் வழி பெரும்பாலும் இதுவேதான்.

டவுன்ஷிப் என்றதும் கடலூர் மாவட்டத்துக்காரியான எனக்கு நெய்வேலி டவுன்ஷிப்தான் மனதில் வரும். இங்கே அது குடியிருப்பு இல்லை, ஒரு சதுரம். 1785இல் அமெரிக்க காங்கிரஸ் போட்ட நிலச் சட்டப்படி, பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள சதுரங்களாக நாட்டை அளந்தார்கள். ஒவ்வொன்றிலும் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசையில் 7இலிருந்து கிழக்கே திரும்பி வரும். ஏர் உழுகிற மாடு திரும்புவது போல மாறி மாறிப் போய், தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். 16ஆம் செக்‌ஷனைப் பள்ளிக்கூடச் செலவுக்கென்று ஒதுக்கினார்கள்.

அளந்த கருவி கன்டர் சங்கிலி. 66 அடி, 100 கண்ணி, 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். அப்பாவிடம் இருக்கும் எங்கள் நிலத்தின் பழைய புலப்படத்தில் அளவுகள் அடியில் இல்லாமல் ‘லிங்க்ஸ்’ என்று ஏன் இருக்கின்றன என்பது சின்ன வயதிலிருந்து புரியாத விஷயம். அது இதே சங்கிலியின் கண்ணி என்பதை சாகினாவில் வந்து தெரிந்துகொண்டேன்.

பிராங்கன்மூத் டவுன்ஷிப்பின் சர்வே முகவரி, வடக்கே 11ஆம் வரிசை, கிழக்கே 6ஆம் பத்தி. எங்கிருந்து வடக்கே? மிச்சிகன் முழுவதற்குமான அடிக்கோட்டிலிருந்து. டெட்ராய்ட் நகரத்தின் வடக்கு எல்லையில் ஓடும் எட்டு மைல் சாலை அந்தக் கோட்டின் மேல்தான் போகிறது. இந்த முகவரியைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஊர்ப் பெயர்கள் மாறும், ஆட்களின் பெயரை எழுத்தர் தவறாக எழுதுவார், ஆனால் சர்வே எண் மாறாது. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை பழைய பட்டாக்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் ஆள் பெயரை வைத்துத் தேடி ஒரு மாதம் வீணாக்கினேன். ஜெர்மன் பெயரை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதியதில் ஒரே குடும்பம் நாலு விதமாகப் பதிவாகியிருக்கும். வரிசை, பத்தி, செக்‌ஷன் எண் கொடுத்துத் தேடினால் அந்தச் சதுரத்தில் நிலம் வாங்கிய எல்லோரும் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள்.

அங்கே ஒரு தவறும் செய்தேன். பட்டாவில் இருக்கும் தேதியைக் குடியேறிய தேதி என்று குறித்துக்கொண்டேன். பணம் கட்டிய பிறகு வாஷிங்டனிலிருந்து பட்டா வர மாதங்கள் ஆகும், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். நான் போட்ட காலவரிசையில் ஒரு குழந்தை அந்த ஊரில் பிறந்த பிறகு அதன் அப்பா அந்த ஊருக்கு வந்தார்! முழு நோட்டையும் அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் அது எதன் தேதி என்று எழுதுகிறேன்: பணம் கட்டியது, பட்டா கொடுத்தது, பத்திரம் பதிவானது என்று தனித்தனியாக.

சர்வே ஆட்களின் குறிப்பேடுகளையும் விட்டுவிடாதீர்கள். செக்‌ஷன் மூலைகளில் முளை அடித்துவிட்டு, பக்கத்து மரங்களில் வெட்டுக்குறி போட்டு, என்ன மரம், எவ்வளவு பருமன், எந்தத் திசையில் எத்தனை கண்ணி தூரம் என்று எழுதினார்கள். சாட்சி மரங்கள் என்று பெயர். ஊர் வருவதற்கு முன் அங்கே என்ன காடு இருந்தது, எங்கே சதுப்பு, எங்கே அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஒற்றையடிப் பாதை என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் கிடைக்கும்.

சரி, இனி சர்ச்சுக்கு வருகிறேன்.

மிட்வெஸ்ட் என்கிற இந்த நடுமேற்கு மாநிலங்களில் ஆங்கிலம் பேசிய குடியேறிகள் பலரும் நியூயார்க் மாநிலத்திலிருந்தும் அதற்குக் கிழக்கே இருந்தும் வந்தவர்கள். 1825இல் ஈரி கால்வாய் முழுவதும் திறந்த பிறகு அந்த வழி சுலபமானது. அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து முதலில் நிலத்தைத் திருத்தினார்கள். குதிரையில் ஊர் ஊராகச் சுற்றும் மெதடிஸ்ட் போதகர் சில வாரங்களுக்கு ஒரு முறை வருவார். யார் வீட்டிலாவது, பிறகு பள்ளிக்கூடத்தில், ஆராதனை நடக்கும். சர்ச் கட்டடம் எழும்ப இருபது வருடம்கூட ஆகும். அதனால் சர்ச் சுவரில் இருக்கும் அடிக்கல் வருடத்தைப் பார்த்து சபை அன்றுதான் பிறந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

பிராங்கன்மூத் இதற்கு நேர் எதிர். அங்கே சபை முதலில் பிறந்தது, ஊர் அதன் பின்னால் வந்தது.

ஜெர்மனியில், பவேரியாவின் பிராங்கோனியப் பகுதியில் நொய்எண்டெட்டல்ஸாவ் என்ற கிராமத்தின் லூத்தரன் போதகர் வில்ஹெல்ம் லோஹே. அமெரிக்காவில் போதகர் இல்லாமல் சிதறிக் கிடந்த ஜெர்மானியர்களைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆட்களைப் பயிற்றுவித்து அனுப்பத் தொடங்கியவர். அவர் ஒரு நாளும் அமெரிக்காவுக்கு வந்ததில்லை. ஒரு முழு சபையையே கொண்டுபோய் மிச்சிகன் காட்டில் வைத்தால், அங்கே வாழும் சிப்பெவா என்ற பூர்வகுடி மக்கள் கிறிஸ்தவ வாழ்க்கையைக் கண்ணால் பார்த்து அறிந்துகொள்வார்கள் என்பது அவர் யோசனை. 1845 ஏப்ரலில் பிரேமர்ஹாபன் துறைமுகத்திலிருந்து ‘கரோலின்’ என்ற பாய்மரக் கப்பலில் ஒரு சிறு கூட்டம் கிளம்பியது. தலைவர் போதகர் ஆகஸ்ட் கிரேமர். ஜூனில் நியூயார்க், அங்கிருந்து பஃபலோ, டெட்ராய்ட், ஹியூரான் ஏரி, சாகினா ஆறு. ஆகஸ்டில் காஸ் ஆற்றங்கரையில் 680 ஏக்கர். வந்து சேர்ந்தவர்கள் 15 பேர். ஊருக்கு வைத்த பெயரின் பொருள் பிராங்கோனியர்களின் துணிவு.

துணிவு தேவைப்பட்டதற்கு வெறும் பக்தி மட்டும் காரணம் இல்லை. அன்றைய பவேரியாவில் ஒரு ஏழை ஆணும் பெண்ணும் நினைத்தவுடன் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. பிழைக்க வழியும் சொத்தும் இருக்கிறது என்று காட்டி ஊரின் சம்மதம் வாங்க வேண்டும். வாங்க முடியாதவர்கள் முப்பது, முப்பத்தைந்து வயது வரை பண்ணையாட்களாகவே காத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் ஜோடிகள் சிலருக்குக் கப்பலிலேயே திருமணம் நடந்தது. பவேரியச் சட்டம் அங்கே எட்டாது. நிலத்துக்காகவும் மதத்துக்காகவும் புலம்பெயர்ந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. கைப்பிடித்த பெண்ணுடன் ஒரு வீட்டில் வாழ்வதற்காகவும்தான் கடல் தாண்டினார்கள் என்பதைப் பதிவேடுகளைப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த வருடம் ஏறத்தாழ 90 பேர் வந்தார்கள். 1846இல் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய முதல் செயின்ட் லோரன்ட்ஸ் சர்ச், 1852இல் பலகையால் கட்டிய இரண்டாவது, 1880இல் இன்றும் நிற்கும் செங்கல் கட்டடம். 1847 ஏப்ரலில் சிகாகோவில் மிசோரி சினட் என்ற லூத்தரன் சபைகளின் கூட்டமைப்பு உருவானபோது கிரேமரும் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். அதே வருடம் பிராங்கன்ட்ரோஸ்ட், 1848இல் பிராங்கன்லஸ்ட், 1850இல் பிராங்கன்ஹில்ஃப் என்று லோஹேயின் குடியிருப்புகள் சுற்றிலும் முளைத்தன. ஆறுதல், மகிழ்ச்சி, உதவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

பிராங்கன்மூத்துக்குச் சுற்றுலாவாக வந்து கோழி விருந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. செயின்ட் லோரன்ட்ஸ் சர்ச் கடைத்தெருவில் இல்லை, மேற்கே தள்ளி நிற்கிறது. முதல் குடியிருப்பு சர்ச்சைச் சுற்றித்தான் இருந்தது. 1847இல் ஹூபிங்கர் சகோதரர்கள் காஸ் ஆற்றில் அணை போட்டு மில் வைத்தார்கள். மாவு அரைக்க, மரம் அறுக்க எல்லோரும் அங்கே போக, கடைகள் அங்கே வந்தன. ஊரின் வயிறு கிழக்கே நகர்ந்தது, சர்ச் இருந்த இடத்திலேயே இருந்தது. எந்த டவுன்ஷிப்பிலும் சர்ச் தனியாக வயலுக்கு நடுவில் நின்றால் பக்கத்தில் எங்கே மில், எங்கே ரயில் நிலையம் என்று பாருங்கள். அந்த ஊர் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரிந்துவிடும். 1870களில் அச்சான கவுண்டி (நம் மாவட்டம் போல) நில வரைபடப் புத்தகங்களில் சர்ச்சுகளையும் பள்ளிகளையும் குறித்திருப்பார்கள், கவுண்டி நூலகத்தில் கிடைக்கும். 1880களில் வந்த தடிமனான கவுண்டி வரலாறுகளும் அங்கே இருக்கும். அவற்றில் வாழ்க்கைக் குறிப்பு வந்த பலர் அந்தப் புத்தகத்துக்கு முன்பணம் கட்டியவர்கள். புத்தகத்தில் இல்லாதவர் ஊரில் இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பதிவேட்டுக்குப் போனபோதும் முதலில் தவறாகத்தான் நடந்துகொண்டேன். ஒரு கிராமத்துச் சபைக்கு, சொல்லாமல் கொள்ளாமல், ஞாயிறு காலை ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்னால் போய் நின்றேன். வாசலில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் உள்ளே விடவில்லை. வருத்தத்தோடு திரும்பினேன். யோசித்துப் பார்த்தால், உச்சிகால பூஜைக்கு நடை திறக்கும் நேரத்தில் வந்து கோயில் கணக்கைக் காட்டு என்று ஒருவர் கேட்டால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? பிறகு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். யார், எங்கே வசிக்கிறேன், எந்த வருடங்களைப் பார்க்க வேண்டும், எதற்காக என்று நாலு வரி. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்காக ஒரு செவ்வாய்க்கிழமை காலை முழுவதையும் ஒதுக்கினார். போகும்போது கையோடு சபையின் பராமரிப்பு நிதிக்கு ஒரு சிறு தொகையும் கொண்டுபோனேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் பழைய தாள்களைக் காப்பாற்றச் செலவு ஆகிறது.

முதல் நாள் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியவில்லை. மொழி ஜெர்மன் என்பது மட்டும் சிக்கல் இல்லை, கையெழுத்து குரென்ட் என்ற பழைய பாணி. அதில் சின்ன ‘ஈ’ எழுத்து ‘என்’ எழுத்து போலவே இருக்கும், ‘எச்’ மேலும் கீழும் கண்ணியாக நீளும். அந்த அம்மா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எழுத்துகளை இல்லை. "தெரிந்த ஒரு பெயரை எடுத்துக்கோங்க. அந்தப் பெயர் இந்தப் பக்கத்தில் எங்கெல்லாம் வருதுன்னு பாருங்க. அதிலிருந்து எழுத்தைப் பிரிங்க" என்றார். கல்வெட்டு படிக்கிறவர்கள் அரசர் பெயரை வைத்து மற்ற எழுத்துகளைப் பிடிப்பது போல. மூன்று செவ்வாய்க்கிழமைகளில் ஞானஸ்நானப் பதிவின் அமைப்பு பிடிபட்டது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், அப்பா, அம்மா, ஞானப்பெற்றோர் என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன், இரண்டிலும் நான் விழுந்தேன். மாதத்தை ‘7’ என்று எண் போட்டுப் பக்கத்தில் ‘பெர்’ என்று எழுதியிருப்பார்கள். அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. அதேபோல 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். அடுத்தது ‘கெப்’ என்ற சுருக்கம். பெண் பெயருக்குப் பின்னால் வந்து அடுத்து இன்னொரு பெயர் இருந்தால் அது அவர் பிறந்த வீட்டின் குடும்பப் பெயர். அடுத்து தேதி இருந்தால் பிறந்த நாள். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரை ஊரின் பெயர் என்று நினைத்து, பவேரியா வரைபடத்தில் இல்லாத கிராமத்தை ஒரு வாரம் தேடினேன்.

பதிவேட்டின் உண்மையான மதிப்பு ஊர்ப் பெயர்களில்தான் இருக்கிறது. வீட்டில் இருந்த எல்லோருடைய பெயரையும் எழுதிய முதல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு 1850இல் எடுத்தது. அதில்கூடப் பிறந்த இடம் ‘பவேரியா’ என்று ஒரே சொல்லோடு நின்றுவிடும். 1890 கணக்கில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் போய்விட்டது. சபைப் பதிவேட்டில்தான் ரோஸ்டால் என்றும் இன்ன குக்கிராமம் என்றும் இருக்கும். ஞானப்பெற்றோர் பெயரைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். யார் யாரோடு ஒரே கிராமத்திலிருந்து வந்தார்கள், யாருக்கு யார் சொந்தம் என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

1918க்குப் பிறகு பல சபைகளின் பதிவேடுகளில் மொழி மெல்ல மாறுகிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பேசுவதே குற்றம் போல ஆகிவிட்டது. அயோவாவில் 1918 மே மாதம் ஆளுநர் ஹார்டிங் பொது இடங்களிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் மட்டும் என்று உத்தரவு போட்டார், வழிபாட்டுக்கும் சேர்த்து. நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற லூத்தரன் பள்ளி ஆசிரியர் ஒரு பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்பித்தார் என்று தண்டித்தார்கள். 1923இல் உச்ச நீதிமன்றம் அவரைத் தண்டித்த சட்டம் செல்லாது என்றது. மிச்சிகனில் 1920இலும் 1924இலும் சபைப் பள்ளிகளையே மூட வைக்கும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்து, இரண்டு முறையும் தோற்றது. என் பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். அந்த நெப்ராஸ்கா ஆசிரியருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் நான் செய்தது இதையெல்லாம்விட மோசம். எழுத்து தேய்ந்த ஒரு வெள்ளைக் கல்லில் சவரம் செய்யும் நுரையைத் தடவித் துடைத்தால் எழுத்து தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தேன். தெரிந்தது. புல் வெட்ட வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "இந்தப் பளிங்கு ஏற்கெனவே சர்க்கரை மாதிரி உதிர்ந்துட்டிருக்கு. நீங்க தடவின நுரையில அமிலம் இருக்கு. கழுவினாலும் உள்ளே போனது போகாது" என்றார். கோபப்படவில்லை. அது என் மனதை இன்னும் அறுத்தது, ஏனென்றால் அது ஒரு குழந்தையின் கல். இப்போது ஒரு நீளமான கண்ணாடியைக் கொண்டுபோகிறேன். வெயிலைப் பிடித்துக் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பாய்ச்சினால் எழுத்துகளின் பள்ளத்தில் நிழல் விழுந்து, தேய்ந்த வரிகள்கூட எழுந்து நிற்கும். காலை எட்டு மணி வெயிலுக்குக் கண்ணாடியும் தேவையில்லை. கல்லைத் தொடவே வேண்டாம்.

‘இங்கே கடவுளுக்குள் இளைப்பாறுகிறது’ என்று ஜெர்மனில் தொடங்கி, பெயர், இறந்த நாள், பிறகு வயது. 3 வருடம் 4 மாதம் 12 நாள் என்று நாள் கணக்குவரை இருக்கும். கழித்துப் பார்த்தால் பிறந்த நாள் கிடைக்கும், பதிவேட்டோடு ஒப்பிடலாம். அந்த நாள் கணக்கை முதலில் ஆராய்ச்சிக்கு வசதி என்று மட்டும் நினைத்தேன். பின்னால்தான் புரிந்தது, பெற்றவர்கள் எண்ணி வைத்திருந்த நாட்கள் அவை.

இனி, இந்த வேலையில் எனக்கு மிகவும் கனமான பகுதி. அந்த 680 ஏக்கர் யாருடையது? 1819இல் மிச்சிகன் பிரதேச ஆளுநர் லூயிஸ் காஸ் சாகினாவில் நடத்திய உடன்படிக்கையில் சிப்பெவா மக்கள் பல லட்சம் ஏக்கரை இழந்தார்கள். அவர்களுக்கென்று விட்டுவைத்த சில துண்டுகளும் 1837இல் போயின. பிராங்கன்மூத்துக்காக மத்திய அரசிடம் வாங்கிய நிலம் அப்படி ஒதுக்கி வைத்திருந்து பறிபோன நிலம். யாருக்கு நற்செய்தி சொல்ல வந்தார்களோ அவர்களுடைய நிலத்திலேயே வீடு கட்டினார்கள். காஸ் ஆற்றுக்கு அந்த ஆளுநரின் பெயர். பட்டாவைப் பார்க்கும்போது அதற்கு முந்தைய உடன்படிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு டவுன்ஷிப்புக்கும் ஒன்று இருக்கும். அதைக் குறிக்காத ஊர் வரலாற்றை நான் இப்போது பாதி வரலாறு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கிரேமர் மொழிபெயர்ப்பாளரோடு சிப்பெவா குடியிருப்புகளுக்குப் போய்வந்தார், அவர்களின் பிள்ளைகள் சிலர் பிராங்கன்மூத்தில் தங்கிப் படித்தார்கள். 1847இல் அவருக்குத் துணையாக லைப்சிக் மிஷன் எட்வர்ட் பயர்லைன் என்பவரை அனுப்பியது. அடுத்த வருடமே அவர் மேற்கே, பைன் ஆற்றங்கரையில், சிப்பெவா மக்களின் நடுவிலேயே குடியேறினார். பெத்தானி என்று பெயர் வைத்தார். மரக்கட்டை வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் மொழியைக் கற்றார், அந்த மொழியில் எழுத்துப் பாடமும் பாட்டும் சேர்த்து ஒரு சிறு புத்தகத்தை அச்சிட்டார். 1853இல் மிஷன் அவரை வேறு நாட்டுக்கு அனுப்பியது.

எந்த நாடு என்று பார்த்தேன். இந்தியா. எந்த ஊர்? பயர்லைன் பல வருடங்கள் ஊழியம் செய்த இடம், கடலூர்.

அந்த இரவு சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் சொந்த ஊருக்கும் நான் இப்போது காய்கறி வாங்கும் ஊருக்கும் நடுவில் 170 வருடத்துக்கு முன்பே ஒருவர் நடந்திருக்கிறார். தமிழ் மக்களைப் பற்றியும் அங்குள்ள மிஷன்களைப் பற்றியும் அவர் எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1875இல் சென்னையில் வந்தது. மிசோரி சினட் இந்தியாவுக்கு அனுப்பிய முதல் ஊழியரான நெய்தரும் 1895இல் கிருஷ்ணகிரியில்தான் வேலையைத் தொடங்கினார். ஆம்பூருக்கும் நாகர்கோவிலுக்கும் அந்த வேலை பிறகு போனது. மிட்வெஸ்ட் விவசாயிகளின் ஞாயிறு காணிக்கையில் ஒரு பங்கு அங்கே போய்ச் சேர்ந்தது. நீங்கள் வசிக்கும் டவுன்ஷிப்பின் சபை எந்த மிஷனோடு சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். எங்கே கொண்டுபோய்விடும் என்று சொல்ல முடியாது.

பெத்தானி இருந்த இடத்துக்கு, செயின்ட் லூயி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓட்டிப் போனேன். ஒரு சிறிய கல்லறைத் தோட்டம்தான் மிச்சம். 1855 உடன்படிக்கைக்குப் பிறகு அந்த மக்கள் வடக்கே இசபெல்லா கவுண்டிக்குப் போனார்கள், மிஷன் நாளடைவில் மூடப்பட்டது. அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் மவுண்ட் பிளசன்ட்டைச் சுற்றி வாழ்கிறார்கள். அங்கே சிபிவிங் மையம் என்ற அருங்காட்சியகத்தில் அவர்களே தங்கள் கதையைச் சொல்கிறார்கள். முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு சர்ச் பதிவேட்டைத் திறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பதிவேட்டில் அந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த ஜெர்மன் பெயர் பெரிதாக இருக்கும். அம்மா கூப்பிட்ட பெயர் சில நேரம் ஓரத்தில், எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியது. நான் அந்த ஓரப் பெயரைத்தான் முதலில் எழுதிக்கொள்கிறேன்.

ஆசிரியை அம்மாவுக்கு இப்போது கண் பார்வை குறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலைகளில் நான் வரி வரியாகச் சத்தமாக எழுத்துக்கூட்ட, அவர் சொல்லைச் சொல்ல, கணினியில் ஏற்றுகிறேன். ஒரு காலைக்கு ஒரு பக்கம் முடிந்தால் அதிகம். 1846இல் தொடங்கினோம், இப்போது 1851 பிப்ரவரியில் இருக்கிறோம். ஒரே வாரத்தில் மூன்று அடக்கம், மூன்றும் ஐந்து வயதுக்குள். இரண்டு பெயர்களைப் படித்துவிட்டோம். மூன்றாவதன் மேல் மை ஊறிப் பரவியிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவில் பின்னோக்கித் தேட வேண்டும், நாள் கணக்கு இருப்பதால் கிடைத்துவிடும்.